வெள்ளி வற்றிய காசு

ரோமப் பேரரசின் மூன்றாம் நூற்றாண்டு நெருக்கடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் வெள்ளிக் காசின் கதையைத் தவறாமல் சொல்வார்கள். செலவுக்குப் பணம் போதாத பேரரசர்கள் வெள்ளியில் செம்பைக் கலந்தார்கள். கலந்ததும் விலைவாசி ஏறியது. ஏறிய விலைக்கு ஈடு கொடுக்க இன்னும் கலந்தார்கள். ஐம்பதே ஆண்டில் காசு செல்லாக்காசானது, பேரரசும் படுத்துவிட்டது. கேட்பதற்குக் கோவையான கதை. பண வீக்கம் பற்றி எச்சரிக்க நினைக்கிற ஒவ்வொருவரும் இதை எடுத்துக்காட்டாகச் சொல்வதும் அதனால்தான். இதில் வெள்ளி குறைந்தது என்ற பகுதி முழு உண்மை. காசுகளே இன்றும் சாட்சி சொல்கின்றன. கூடவே விலை ஏறியது என்ற பகுதிக்கு அந்தக் காலத்து ஏடுகளில் சான்று தேடினால் வேறொரு வரலாறு தென்படுகிறது. வெள்ளி வற்றிக்கொண்டிருந்த காலம் முழுவதும் விலை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நின்றது. காசைத் திருத்துகிறேன் என்று ஒரு பேரரசர் முன்வந்து, அதில் சற்றே கூடுதல் வெள்ளியும் சேர்த்த பிறகுதான் விலை பத்து மடங்காகப் பாய்ந்தது. இந்த முரணுக்கு விளக்கம் தேடுவதே இன்றைய உரையின் வேலை.

முதலில் காசை அறிந்துகொள்வோம். கி.மு. 211 வாக்கில், ஹன்னிபாலோடு நடந்த போரின் நடுவே, ரோம் டெனாரியஸ் என்ற வெள்ளிக் காசை அடிக்கத் தொடங்கியது. அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமானிய பவுண்டு வெள்ளிக்கு 84 காசு. ஒவ்வொன்றும் நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு. கலப்பு இல்லை என்றே சொல்லலாம். இருபத்தைந்து டெனாரியஸுக்கு ஒரு தங்க ஔரியஸ் என்பது அரசு வைத்த கணக்கு. இந்த 25 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். கி.பி. 64இல் நீரோ பவுண்டுக்கு 96 காசு என்று எடையைக் குறைத்து, செம்பையும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சேர்த்தார். பின்னால் வந்தவர்களில் சிலர் வெள்ளியைக் கூட்டினார்கள், பலர் குறைத்தார்கள். 193இல் மெய்க்காவல் படையினர் அரியணையை ஏலம் போட்டு விற்ற கூத்துக்குப் பிறகு, உள்நாட்டுப் போரில் வென்று வந்த செப்டிமியஸ் செவெரஸ், காசில் பாதிதான் வெள்ளி என்ற நிலைக்குக் கொண்டுவந்தார். அதாவது நெருக்கடி என்று நாம் அழைக்கும் காலம் தொடங்குவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே வெள்ளிக் காசு பாதி செம்புக் காசு. அப்போதும் 25 டெனாரியஸுக்கு ஒரு ஔரியஸ்தான். காசியஸ் டியோ என்ற வரலாற்றாசிரியர், செவெரஸின் அவையில் இருந்த செனட்டர், இந்தக் கணக்கையே தம் நூலில் குறிக்கிறார்.

எதற்காகக் கலந்தார்கள்? ஒரே சொல்லில் விடை சொல்லலாம்: சம்பளம். அகஸ்டஸ் காலத்தில் ஒரு லெஜியன் வீரனுக்கு ஆண்டுக்கு 225 டெனாரியஸ். டொமிஷியன் அதை 300 ஆக்கினார். செவெரஸ் மேலும் கூட்டினார். அவர் மகன் கரகல்லா அதன்மேல் பாதியளவு கூட்டினார். கரகல்லா கூட்டியதற்கு மட்டும் ஆண்டுக்கு 7 கோடி டெனாரியஸ் ஆயிற்று என்று அடுத்து வந்த மாக்ரினஸ் புலம்பியதை டியோ பதிவு செய்திருக்கிறார். செவெரஸ் சாகும்போது மகன்களுக்குச் சொன்ன அறிவுரையாக டியோ தருவதும் இதையே காட்டும்: படைவீரரைப் பணக்காரராக்கு, மற்றவரைப் பொருட்படுத்தாதே. செலவு இப்படி ஏற, வரவு இறங்கியது. 165இல் தொடங்கிய பெரும் கொள்ளைநோய், தென் ஸ்பெயினின் சுரங்கப் பகுதியில் மூர்களின் தாக்குதல் எல்லாம் சேர்ந்து வெள்ளி உற்பத்தியை ஒடித்தன. வெள்ளியை உருக்கும்போது எழும் ஈயப்புகை கிரீன்லாந்தின் பனிப்படலம் வரை போய்ப் படிந்திருக்கிறது. அந்தக் கொள்ளைநோயை ஒட்டி ஈயத்தின் அளவு சரிந்ததும், நெடுங்காலம் எழும்பாமல் கிடந்ததும் பனிக்கட்டியைத் துளையிட்டு ஆராய்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வெள்ளி கிடைக்கவில்லை, வீரனுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் அவன் அடுத்த பேரரசரைத் தேடிக்கொள்வான். இந்த நிலையில் செம்பைச் சேர்த்தவனை மோசடிக்காரன் என்று சொல்வது எளிது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேறு என்ன செய்திருக்க முடியும் என்று சொல்வது கடினம்.

215இல் கரகல்லா புதுக் காசு ஒன்றை வெளியிட்டார். டெனாரியஸில் பேரரசர் வாகை மாலை அணிந்திருப்பார். புதியதில் சூரியக் கதிர் போன்ற முள்முடி. அரசியின் காசானால் அவள் தோளின் கீழ் ஒரு பிறைநிலா. நாணயவியலார் இதை ஆண்டோனினியானஸ் என்பார்கள்; நாம் கதிர்முடிக் காசு என்று அழைப்போம். ஒன்றரை டெனாரியஸின் வெள்ளிதான் இதில் இருந்தது. மதிப்போ இரண்டு டெனாரியஸ் என்பது பெரும்பாலோர் கருத்து. இடையில் நிறுத்திவைத்திருந்த இந்தக் காசை, ஒரே ஆண்டில் ஆறு பேர் பேரரசரான 238இல் மீண்டும் அடித்தார்கள். அதன் பிறகு டெனாரியஸ் அடிப்பதே சில ஆண்டுகளில் அருகிப்போனது. இதற்கிடையே 235இல் செவெரஸ் அலெக்ஸாண்டரைச் சொந்தப் படையே ரைன் கரையில் கொன்றிருந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்டவர் அரியணை ஏறினார்கள், படுக்கையில் செத்தவர் மிகச் சிலர். 244இல் பிலிப் என்ற பேரரசர் பாரசீகத்துக்கு 5 லட்சம் டெனாரியஸ் கொடுத்து அமைதி வாங்கினார். வாங்கிக்கொண்ட மன்னர் ஷாபூர் அதை நக்ஷ்-இ-ருஸ்தம் கல்வெட்டில் பெருமையாகப் பொறித்துவைத்தார். 251இல் டேசியஸ் கோத்தியரோடு பொருது களத்திலேயே விழுந்தார். 260இல் வலேரியன் எடெசா அருகே உயிரோடு ஷாபூரிடம் சிக்கினார். மேற்கே கால் (Gaul) நாட்டை போஸ்டுமஸ் பிரித்துக்கொண்டார். கிழக்கே பல்மைரா நகரின் கை ஓங்கியது. நடுவில் மிஞ்சியதை வைத்துக்கொண்டு எட்டு ஆண்டு தனியாகப் போராடியவர் வலேரியனின் மகன் கல்லியேனஸ்.

கல்லியேனஸின் கடைசி ஆண்டுக் காசு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். விரலின் நகத்தைவிடச் சற்றே பெரிது, மூன்று கிராம் அளவு, விளிம்பு பல சமயம் வட்டமாகக்கூட இல்லை. முகப்பில் தாடி வைத்த பேரரசர், தலையில் கதிர்முடி. பின்புறம் ஒரு மானோ, ஆடோ, சிறுத்தையோ, இறக்கை முளைத்த குதிரையோ நிற்கும். ரோமின் அக்கசாலையில் பல பட்டறைகள். ஒவ்வொன்றும் ஒரு தெய்வத்துக்குரிய விலங்கைப் பொறித்து, கீழே தன் அடையாளமாக ஆல்ஃபா, பீட்டா, காமா என்று கிரேக்க எழுத்தை இட்டது. சுற்றியுள்ள வாசகம், பேரரசரைக் காக்கும் தெய்வம் இது என்கிறது. இன்னும் சில காசுகளில் படைவீரரின் விசுவாசம் என்ற வாசகம். விசுவாசம் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு அதிகமாக அந்தச் சொல்லை அடித்தார்கள். 268இல் மிலான் முற்றுகையின்போது கல்லியேனஸைக் கொன்றவர்கள் அவருடைய அதிகாரிகளேதான். இன்று இந்தக் காசு பழுப்பாகவோ பச்சை பூத்தோ தெரியும். அக்கசாலையை விட்டு வெளியே வந்த நாளில் வெள்ளி போலவே மின்னியது. கலப்பு உலோகத் தகட்டைச் சுட்டால் மேற்பரப்பிலுள்ள செம்பு கறுத்துவிடும். அதைப் புளிப்பான கரைசலில் போட்டால் கறுத்த செம்பு கரைந்து, வெள்ளி மட்டும் மேலே தங்கும். நம் வீட்டில் செப்புக்குடத்தைப் புளி போட்டுத் துலக்குவதும் இதே வேதியியல்தான். அதன் பின் அச்சடித்தால் தோல் வெள்ளி, உள்ளே செம்பு. முந்தைய ஆய்வாளர் பலர் மேற்பரப்பை மட்டும் சோதித்து வெள்ளியின் அளவைக் கூட்டிச் சொன்னதற்கும் இதுதான் காரணம். இப்போது ஊசித் துளையிட்டு உள்ளிருந்து துகள் எடுக்கிறார்கள்.

அப்படி எடுத்துப் பார்த்த கணக்கைச் சொல்கிறேன். கரகல்லாவின் கதிர்முடிக் காசு ஐந்து கிராம், பாதி வெள்ளி, ஆக இரண்டரை கிராம் வெள்ளி. டேசியஸ் காலத்தில் நூற்றுக்கு நாற்பது அளவு. வலேரியன் பிடிபட்ட 260 வாக்கில் இருபதுக்கும் கீழ். கல்லியேனஸ் முடியும் தறுவாயிலும், அடுத்து வந்த இரண்டாம் கிளாடியஸ் காலத்திலும் நூற்றுக்கு இரண்டு மூன்று. மூன்று கிராம் காசில் அது ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அரை நூற்றாண்டில் ஒரு காசின் வெள்ளி ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காயிற்று. காசின் மதிப்பு அதிலுள்ள வெள்ளியின் மதிப்பே என்றால், 215இல் ஒரு காசுக்குக் கிடைத்த பொருளுக்கு 270இல் முப்பது காசு கொடுத்திருக்க வேண்டும்.

கொடுத்தார்களா? இதற்கு விடை எகிப்தின் மணலில் இருக்கிறது. பேரரசின் மற்றப் பகுதிகளில் அழிந்துபோன அன்றாடக் கணக்குகள் அங்கே பாப்பிரஸ் ஏடுகளில் தப்பின. கோதுமையை அங்கே அர்தபா என்ற அளவையால் அளந்தார்கள். ஓர் அர்தபா ஏறத்தாழ முப்பது கிலோ. காசு அலெக்ஸாண்ட்ரியாவில் அடித்த நான்கு திரக்மா காசு. அது டெனாரியஸ் ஒன்றுக்கு ஈடு என்பது அரசு கணக்கு. இரண்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஓர் அர்தபா கோதுமை 6 முதல் 12 திரக்மா வரை விற்றது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது இரட்டித்து, 12க்கும் 20க்கும் இடையே வந்தது. இந்த ஏற்றம் கொள்ளைநோயால் ஆட்கள் மடிந்த காலத்தை ஒட்டியது. செவெரஸின் கலப்பை மட்டும் இதற்குப் பொறுப்பாக்க முடியாது. அதன் பிறகு? செவெரஸிலிருந்து கிளாடியஸ் வரை, முக்கால் நூற்றாண்டு, ஏறத்தாழ அதே 12க்கும் 20க்கும் இடையே நிற்கிறது. ஃபாயூம் பகுதியின் தியடெல்ஃபியா ஊரில் அப்பியானஸ் என்ற பெரும் நிலக்கிழாரின் பண்ணையை ஹெரோனினஸ் என்ற கணக்கர் மேற்பார்த்தார். அவருடைய கடிதங்களும் மாதக் கணக்குகளும் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. காலம் சுமார் 249 முதல் 268 வரை. வெள்ளி தலைகீழாக விழுந்த அதே இருபது ஆண்டு. ஹெரோனினஸ் ஆளுக்குக் கூலி எழுதுகிறார், மது விற்ற பணத்தை வரவு வைக்கிறார், கழுதைக்குத் தீவனச் செலவு எழுதுகிறார். பேரரசர் எதிரியின் கையில் சிக்கினார் என்பதோ, காசில் வெள்ளி தீர்ந்தது என்பதோ அந்தக் கணக்கின் விலைகளில் தெரியவே இல்லை. இந்த மௌனத்தைவிடப் பலமான சான்று வேறு எனக்குத் தெரியாது.

ஏன் இப்படி? அந்தக் காசை அரசு வரியாக வாங்கிக்கொண்டது. வீரனுக்கு அதே காசில் சம்பளம் தந்தது. ஒரு காசுக்கு இத்தனை திரக்மா, இத்தனை டெனாரியஸ் என்ற கணக்கு மாறாமல் இருந்தவரை, அதை வாங்குகிறவன் நாளை அதே கணக்கில் கைமாற்றிவிடலாம் என்று நம்பினான். உலோகம் அவனுக்கு இரண்டாம் பட்சம். இதற்கு எதிர்மறைச் சான்று பேரரசின் எல்லைக்கு வெளியே கிடைக்கிறது. ஜெர்மானியர் பழைய, ஓரம் பல்லாக வெட்டிய காசையும் இரட்டைக் குதிரைத் தேர் பொறித்த காசையுமே விரும்பினார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதுகிறார். நம் கொங்கு நாட்டுப் புதையல்களிலும் கதை அதேதான். அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோரின் நல்ல வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைக்கின்றன; நீரோ கலப்புச் செய்த பிந்தைய டெனாரியஸ்கள் அரிது. மிளகு விற்ற தமிழ் வணிகனுக்கும் ரைன் கரையின் ஜெர்மானியனுக்கும் பேரரசரின் வரிக்கணக்கோடு ஒட்டுறவு இல்லை. ஆகவே உரசிப் பார்த்தார்கள், நிறுத்துப் பார்த்தார்கள். எல்லைக்கு வெளியே காசு உலோகம். உள்ளே அது அரசின் வாக்கு. ரோமின் வெள்ளியெல்லாம் இந்தியாவுக்குப் போனதால்தான் மூன்றாம் நூற்றாண்டில் கலப்பு நேர்ந்தது என்று சொல்லும் வழக்கம் ஒன்றுண்டு. ரோம எழுத்தாளர் பிளினி ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறது என்று அங்கலாய்த்தது முதல் நூற்றாண்டில். நம்மூர் வெள்ளிப் புதையல்களின் பெரும்பகுதியும் அதே நூற்றாண்டுக் காசு. இருநூறு ஆண்டு கழித்து நடந்ததற்கு மிளகைப் பொறுப்பாக்குவது நமக்குப் பெருமையாக இருக்கலாம், சான்று இல்லை.

இனி மறுப்புகள். மக்களுக்கு வெள்ளி குறைந்தது தெரிந்தே இருந்தது, அதனால்தான் பழைய காசைப் புதைத்துவைத்தார்கள் என்பது முதல் மறுப்பு. பல்கேரியாவின் ரெகா தெவ்னியாவில் 1929இல் கிடைத்த புதையலில் 80,000க்கும் மேல் டெனாரியஸ்கள்; டேசியஸ் காலம் வரை சேர்த்தவை. புதிய கதிர்முடிக் காசைச் செலவழித்துவிட்டு, பழைய டெனாரியஸை எடுத்துவைக்கும் வழக்கம் இருந்தது தெளிவு. தெரிந்திருந்தது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் இது என் கருத்துக்கே வலு சேர்க்கிறது. புதிய காசைக் கடைக்காரர் முழு மதிப்புக்கு வாங்கிக்கொள்வதால்தான் பழையதைச் செலவழிப்பது நட்டமாகிறது. புதியதைத் தள்ளுபடி போட்டு வாங்கியிருந்தால் இரண்டும் ஒன்றாகவே புழங்கியிருக்கும். அரசும் இந்த விளையாட்டில் இறங்கியது. டேசியஸ் காலத்தில் பழைய டெனாரியஸ்களைச் சேகரித்து, உருக்கக்கூட இல்லாமல், அவற்றின் மேலேயே கதிர்முடி முகத்தை மறுபடி அடித்தார்கள். சில காசுகளில் கீழேயிருக்கும் பழைய முகத்தின் மூக்கும் எழுத்தும் இன்னும் தெரியும். ஒரே அடியில் ஒன்று இரண்டானது. வாங்கியவன் அதையும் இரண்டு என்றே வாங்கினான்.

இரண்டாவது மறுப்பு கடினமானது. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் ஊரில் கிடைத்த 260ஆம் ஆண்டு ஏடு ஒன்று இருக்கிறது. காசு மாற்றுவோர் தங்கள் கடைகளை மூடிவிட்டார்கள், பேரரசர்களின் புனிதக் காசை வாங்க மறுக்கிறார்கள் என்று புகார் வந்ததாக அந்த வட்டத்தின் அதிகாரி அதில் எழுதுகிறார். கடையைத் திறக்க வேண்டும், கள்ளக் காசு தவிர எல்லாக் காசையும் வாங்க வேண்டும், மீறினால் தண்டனை என்று உத்தரவிடுகிறார். நம்பிக்கை உடைந்ததற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்பார்கள். அந்த உத்தரவு யாருடைய ஆட்சியில் பிறந்தது என்று பாருங்கள். மாக்ரியானஸ், குவையடஸ் என்ற இரு சகோதரர்கள், வலேரியன் பிடிபட்ட குழப்பத்தில் கிழக்கில் முளைத்த போட்டிப் பேரரசர்கள். அடுத்த ஆண்டுக்குள் ஒருவர் பால்கனில் கொல்லப்பட்டார். மற்றவர் எமேசாவில் முடிந்தார். காசுக் கடைக்காரர்கள் வெள்ளியை மட்டுமே பார்த்து மறுத்திருந்தால், அதே வெள்ளி குன்றிய கல்லியேனஸ் காசையும் பிறகு மறுத்திருப்பார்கள். விலையும் அப்போதே பாய்ந்திருக்கும். இரண்டும் நடக்கவில்லை. காசில் இருக்கும் தலை நாளை தோளில் இருக்குமா என்பதைத்தான் அவர்கள் எடைபோட்டார்கள் என்று நான் வாசிக்கிறேன். உலோகமும் அவர்கள் மனத்தில் இருந்திருக்கலாம். அதை முற்றும் மறுக்க மாட்டேன்.

எகிப்து தனிக் காசு மண்டலம், அதைக் கொண்டு பேரரசு முழுவதையும் பேசலாமா என்பது மூன்றாவது. நியாயமான கேள்வி. ஆனால் அலெக்ஸாண்ட்ரியக் காசும் ரோமின் காசோடு கூடவே வெள்ளி இழந்தது. மூடிய எல்லைக்குள் நல்ல காசு அடித்துக்கொண்டிருந்திருந்தால் இந்த மறுப்பு நிற்கும். அங்கும் செம்பு, இங்கும் செம்பு. தங்கத்தின் பக்கம் பார்த்தால்தான் நெருக்கடியின் உண்மையான விரிசல் தெரிகிறது. கல்லியேனஸ் காலத்து ஔரியஸ்களின் எடை ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஒன்று கனமாக இருக்கும், ஒன்று அதில் பாதிகூட வராது. எடை இப்படி ஆடினால் தங்கக் காசை எண்ணிக் கொடுக்க முடியாது, நிறுத்தே கொடுக்க வேண்டும். படைத்தலைவருக்குப் பரிசாகவும், எதிரிக்குக் கப்பமாகவும் தங்கம் போனது. இருபத்தைந்துக்கு ஒன்று என்ற கணக்கு ஏட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. யாரும் அதைச் சோதிக்கவில்லை, அரசும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. என் பார்வையில் கல்லியேனஸின் நிதி நிர்வாகத்தில் புத்திசாலித்தனமான ஒரே காரியம் அந்த மௌனம்தான்.

அதைக் கலைத்தவர் ஔரேலியன். 270இல் ஆட்சிக்கு வந்தார். ஐந்தே ஆண்டில் பல்மைராவையும் கால் நாட்டையும் மீட்டு, ரோமைச் சுற்றி மதிலும் எழுப்பினார். தொட்டதெல்லாம் ஒழுங்காக வேண்டும் என்ற சிப்பாய்க் குணம். ரோமின் அக்கசாலைத் தொழிலாளிகள், கணக்கு அதிகாரி ஃபெலிசிஸிமஸின் பெயரோடு ஒட்டி, பெரிய கலகம் செய்தார்கள்; அடக்கும்போது 7,000 வீரர் மாண்டதாகப் பிற்கால நூல்கள் சொல்லும் எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை, ஆனால் திருட்டும் சண்டையும் நடந்தது உறுதி. 274இல் புதுக் காசு வந்தது. நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு, நேர்த்தியான அச்சு, மின்னும் பூச்சு, நூற்றுக்கு ஐந்து வெள்ளி. கீழே லத்தீனில் 21ஐக் குறிக்கும் எழுத்துகள், கிழக்கு அக்கசாலைகளில் அதே எண்ணுக்குரிய கிரேக்க எழுத்துகள். இருபது பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளி என்பதற்கான முத்திரை அது என்பதே பொருத்தமாகப் படுகிறது. அடுத்த ஆண்டுகளில் இருமடங்கு வெள்ளியோடு வந்த சில அரிய காசுகளில் 11 என்று பொறித்திருப்பது இதை உறுதிப்படுத்துகிறது. பழைய காசைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் புதிய வெள்ளியை வாங்கிக்கொள்ளச் சொன்னார் என்று வரலாற்றாசிரியர் சோசிமஸ் எழுதுகிறார். தங்கக் காசும் பவுண்டுக்கு 50 என்று சீரானது. எல்லாம் நேர்மையான காரியங்கள். எகிப்தில் அடுத்து என்ன நடந்தது? ஓர் அர்தபா கோதுமை, இருபது திரக்மாவைத் தாண்டாத கோதுமை, 274-275ஐ ஒட்டிச் சுமார் 200 திரக்மாவாக ஏடுகளில் எழுகிறது. கூலியும் மற்ற விலைகளும் அதைத் தொடர்ந்தன. பழைய நிலைக்கு அது திரும்பவே இல்லை.

சீரான எடையில் தங்கக் காசு வந்தவுடன் அதை எண்ணிக் கொடுக்க வேண்டியதாயிற்று. எண்ணிக் கொடுக்க எத்தனைக்கு எத்தனை என்று சொல்லியாக வேண்டும். 25 என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அடுத்த நாளே கஜானாவின் தங்கம் முழுதும் செம்புக்குக் கைமாறிவிடும். வேறொரு எண் வந்தது. அந்தக் கணத்தில், அறுபது ஆண்டு யாரும் கேட்காத கேள்விக்கு அரசே விடை சொல்லிவிட்டது: உன் கையிலுள்ள காசு நீ நினைத்த காசு இல்லை. இது ஊகம்தான், ஆனால் காலப் பொருத்தம் இதற்குத் துணை நிற்கிறது. அணையில் சேர்ந்த நீர் என்றைக்காவது உடையத்தானே வேண்டும், ஔரேலியன் இல்லாவிட்டாலும் உடைந்திருக்கும் என்று இங்கே மறுப்பார்கள். கல்லியேனஸ் அடித்துக் குவித்த காசு சுமையாக நின்றது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் சுமையின் கனமே காரணம் என்றால், வெள்ளி மிகத் தாழ்ந்த 268-270இல் உடைந்திருக்க வேண்டும். உடைந்தது வெள்ளி கூடிய பிறகு. உலோகக் கோட்பாட்டால் இதை விளக்க வழியே இல்லை.

மேற்கிலிருந்து ஒரு சான்றும் சேர்த்துக்கொள்ளலாம். கால் நாட்டிலும் பிரிட்டனிலும் ஔரேலியனின் புதிய காசு போதுமான அளவில் வந்து சேரவில்லை. அங்குள்ளவர்கள் என்ன செய்தார்கள்? கால் நாட்டை ஆண்ட டெட்ரிகஸின் முகத்தையும், இறந்து தெய்வமான கிளாடியஸின் முகத்தையும் பார்த்து தாங்களே காசு வார்த்தும் அடித்தும் புழக்கத்தில் விட்டார்கள். சுண்டுவிரல் நகம் அளவு காசு. பேரரசரின் முகம் குழந்தை வரைந்த சித்திரம் போல இருக்கும். எழுத்து பாதி வெறும் கோடு. வெள்ளி மருந்துக்கும் இல்லை. அவையும் செல்லுபடியாயின. 1978இல் வில்ட்ஷயரின் கியூனேஷியோவில் கிடைத்த புதையலில் ஏறத்தாழ 55,000 கதிர்முடிக் காசுகள். 2010இல் சாமர்செட்டின் ஃப்ரோமில் ஒரே பானையில் 52,503 காசுகள், 160 கிலோ. இவ்வளவு செம்பை மண்ணில் புதைத்தவன் வெள்ளிக்காகப் புதைக்கவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டயோக்ளீஷியன் 294 வாக்கில் பவுண்டுக்கு 96 என்ற நீரோவின் அளவிலேயே தூய வெள்ளிக் காசு அடித்துப் பார்த்தார். அது புழக்கத்தில் நிலைக்கவில்லை. 301 செப்டம்பர் முதல் நாள் காசுகளின் மதிப்பை ஆணையால் மாற்றினார். அதே ஆண்டின் இறுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு உச்ச விலை விதித்து, மீறினால் மரணம் என்றார். பொருள்கள் சந்தையிலிருந்து மறைந்தன என்று லாக்டான்டியஸ் எழுதுகிறார். அவர் டயோக்ளீஷியனின் எதிரி என்பதால் கொஞ்சம் கழித்தே கேட்க வேண்டும். அந்த ஆணையில் ஒரு பவுண்டு தங்கம் 72,000 டெனாரியஸ். நீரோவின் கணக்கில் ஒரு பவுண்டுக்கு 45 ஔரியஸ், ஒவ்வொன்றுக்கும் 25, ஆக 1,125. அறுபத்து நான்கு மடங்கு. இந்த ஏற்றத்தை இருநூற்று முப்பது ஆண்டுக்கும் சமமாகப் பரப்பிப் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதன் பெரும்பகுதி 274க்குப் பிந்திய கால் நூற்றாண்டில் நடந்தது. கடைசியில் கான்ஸ்டன்டைன் பவுண்டுக்கு 72 என்ற சொலிடஸ் தங்கக் காசை நிலைநிறுத்தினார். அது பதினோராம் நூற்றாண்டு வரை கான்ஸ்டான்டினோப்பிளில் ஏறத்தாழ அதே தரத்தில் ஓடியது. வரியும் சம்பளமும் தங்கத்துக்கு மாற, செப்புக் காசு ஏழையின் கையில் மிஞ்சியது. நான்காம் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவர் பேரரசர்களுக்கு எழுதிய நூலில் ஏழைகள் நசுங்கியதற்கு இந்தத் தங்கத்தையே குற்றம் சாட்டுகிறார்.

காசைக் கெடுத்தவர் என்ற பட்டத்தைப் பழைய நூல்கள் கல்லியேனஸுக்கே கொடுத்தன. பாடநூல்கள் அதை அப்படியே படி எடுத்தன. அவருடைய காசில் வெள்ளி இல்லை, ஆனால் அவர் ஆட்சி முடியும் வரை ஹெரோனினஸ் பழைய கூலியிலேயே ஆள் வைத்தார். பழியில் பெரும்பங்கை நல்ல எண்ணத்தோடு காசைத் திருத்திய ஔரேலியன் மீதுதான் வைக்க வேண்டும்.